தவளைக்கு நாலு பேட்டரி

காதுக்கருவிக் கடையில் அவருக்கு ‘கேக்குதா’ என்று பெயர். பின்னறையில் உட்கார்ந்து, வருகிறவர்களின் காதுக்கு அச்செடுத்து, கருவியைப் பொருத்தி, காலையிலிருந்து சாயங்காலம் வரை “கேக்குதா? இப்ப கேக்குதா? இந்தப் பக்கம் கேக்குதா?” என்று கேட்டுக்கொண்டே இருப்பதால், முன்னால் பில் போடும் பெண் விளையாட்டாக வைத்தது. அது கடையைத் தாண்டித் தெருவுக்குப் போய், டீக்கடைக்காரரே “கேக்குதாவுக்கு ஒரு டீ, சர்க்கரை கம்மி” என்று குரல் கொடுக்கும் அளவுக்கு ஊன்றிவிட்டது. அவருக்கு அதில் வருத்தம் இல்லை. ஏதோ ஒரு பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் சரி என்கிற வயதுக்கு வந்திருந்தார்.

கல்யாணம் தள்ளிப்போய்த் தள்ளிப்போய், ஒரு கட்டத்தில் அதைப் பற்றி விசாரிக்கிறவர்களும் ஓய்ந்துபோனார்கள். வெகுகாலம் தங்கை குடும்பத்தோடுதான் இருந்தார். தங்கை வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருந்தாள். துணிக்கடைகளிலிருந்து வரும் பேன்ட்டுகளுக்கு உயரம் குறைப்பது, இடுப்புப் பிடிப்பது, ஜிப் மாற்றுவது அவள் வேலை. அவள் புருஷன் கூரியர் வேன் ஓட்டுகிறவன். அவர்களுக்கு ஒரே பெண். ஆள் சின்னவள், வாய் பெரியது. கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்று சொல்லிச் சொல்லி, மாமா அவளுக்குக் கடுகு என்றே பெயர் வைத்துவிட்டார். அந்த வீட்டின் முன்னறையில், தையல் மெஷினுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் விரிக்கிற மடக்குக் கட்டில்தான் கேக்குதாவின் இடம்.

கடுகு வளர்ந்தாள். அப்பா அம்மாவோடு ஒரே அறையில் படுக்கிற வயது அவளுக்குக் கடந்துகொண்டிருந்தது. யாரும் வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை. ஒருநாள் தங்கை அளவுநாடாவை வைத்து முன்னறையை அளந்துகொண்டிருந்தாள். குறுக்கே திரை போடுவதற்கு என்றாள். அவர் சட்டைப் பொத்தானைப் போட்டபடியே சொன்னார்:

“கடைக்குப் பக்கத்துல ஒரு ரூம் காலியா இருக்காம். போயிடலாமான்னு பாக்குறேன்.”

“என்ன அண்ணே இது, திடீர்னு?” என்று கேட்பாள், இரண்டு தடவை வேண்டாம் என்பாள், மூன்றாவது தடவை ஒத்துக்கொள்வாள் என்று அவர் எதிர்பார்த்திருந்தார்.

“அப்படியா? நல்லதாப் போச்சு” என்றாள் தங்கை, நாடாவைச் சுருட்டிக்கொண்டே.

அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் அந்தச் சொல் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டது.

புது அறை நாலாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் கிடையாது. ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு சின்ன அடுப்பு. ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் தண்ணீர்க் குழாய்கள். பேச்சுத்துணைக்கு ஒரு பல்லிகூட இல்லாத சுத்தமான அறை. சாமான் கொண்டுவந்த நாளில் தங்கையும் மாப்பிள்ளையும் வந்து, “நல்ல காத்து வருது” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு அந்தப் படிக்கட்டில் அவருக்காக யாரும் ஏறவில்லை. அவர்தான் எப்போதாவது, ஏதாவது ஒரு சாக்கு வைத்துக்கொண்டு அங்கே போய்வருவார். ஒருமுறை மறந்துபோன குடையை எடுக்கப் போனார். இன்னொருமுறை சட்டையைத் தைக்கக் கொடுக்கப் போனார்.

கடுகின் பிறந்தநாளுக்கு அவள் அப்பா ஒரு விளையாட்டுச் சாமான் வாங்கிக் கொடுத்திருந்தான். உள்ளங்கையில் அடங்கும் பச்சைப் பெட்டி. நடுவில் ஒரு சின்னத் திரை. திரையில் ஒரு தவளை கல்லுக்குக் கல் தாவும். பொத்தானைச் சரியான நேரத்தில் அழுத்தாவிட்டால் தொபுக்கென்று தண்ணீரில் விழும். பெட்டியின் ஓரத்து விளக்குகள் எல்லாம் சிவப்பாக எரியும். அதற்கு நாலு பேட்டரி வேண்டும். போடுகிற பேட்டரி எல்லாம் யானைப் பசிக்குச் சோளப்பொரி மாதிரி காணாமல் போயின.

கேக்குதா அங்கே போன ஒரு ஞாயிற்றுக்கிழமை, சுவர்க்கடிகாரம் நின்றிருந்தது.

“என்ன ஆச்சு கடிகாரத்துக்கு?”

“தவளை தின்னுடுச்சு” என்றாள் தங்கை. “டிவி ரிமோட்டையும் தின்னுடுச்சு. நேத்து டார்ச்சு. இது தவளையா முதலையான்னு தெரியல அண்ணே.”

“கடையில விக்கிற பேட்டரி போட்டா கட்டுபடியாகாது. சார்ஜ் ஏத்துற பேட்டரின்னு இருக்கு. நான் வாங்கிட்டு வர்றேன்.”

பேட்டரி விஷயம் அவருக்குக் கைவந்தது. காதுக்கருவிக்குள் போடும் பொத்தான் பேட்டரிகளோடு மல்லுக்கட்டித்தான் அவர் பிழைப்பே நடந்தது. மறுநாளே மின்சாமான் கடைக்குப் போனார். கடைக்காரர் இரண்டு சார்ஜர்களை எடுத்து வைத்தார். ஒன்று வேகமாக ஏற்றுவது. இன்னொன்று நிதானமாக ஒரு பகல் பொழுது எடுத்துக்கொள்வது.

“மெதுவா ஏத்தினாத்தான் பேட்டரிக்கு ஆயுசு” என்று சொல்லி அவர் இரண்டாவதை எடுத்துக்கொண்டார். அப்போது அவர் மனதில் வேறு எண்ணம் எதுவும் இல்லை. நாலு பேட்டரி தவளைக்குள் இருக்கும்போது இன்னொரு நாலு சார்ஜரில் இருந்தால் விளையாட்டு நிற்காதே என்று நினைத்து, இரண்டு செட்டாகவே வாங்கினார்.

அந்தப் பையோடு தங்கை வீட்டுக் கதவைத் தட்டினார். அவள் மெஷினிலிருந்து காலை எடுக்காமலே, “வா அண்ணே. என்ன விஷயம்?” என்றாள். கடுகு ஓடிவந்து கையைப் பிடித்தாள். அவர் ஒரு செட்டைப் பிரித்து, தவளையின் முதுகுமூடியைத் திறந்து, தலையும் வாலும் பார்த்து நாலையும் போட்டார். தவளை விழித்துக்கொண்டது.

“மாமா, கொஞ்சம் மங்கலாத் தெரியுதே?”

“இந்த பேட்டரிக்குக் கொஞ்சம் தெம்பு கம்மி. ஆனா திரும்பத் திரும்பச் சாப்பாடு போட்டா திரும்பத் திரும்ப எந்திரிக்கும்.”

“தீர்ந்துபோனா?” என்று கேட்டாள் தங்கை.

அவர் கை பைக்குள் போய் சார்ஜர் அட்டைப்பெட்டியைத் தொட்டது. அதை எடுத்து மேசைமேல் வைத்து, எப்படிச் சொருகுவது என்று காட்டிவிட்டால் வேலை முடிந்தது. டீ குடித்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். அடுத்த சாக்கு என்ன?

“சார்ஜர் என் ரூம்ல இருக்கு” என்றது அவர் வாய். “தீர்ந்ததும் கொண்டு வாங்க. நான் ஏத்தித் தர்றேன்.”

பொய் சொல்லிப் பழகிய ஆள் இல்லை. திரும்பும்போது பஸ்ஸில் மடியில் இருந்த பை செங்கல்லாகக் கனத்தது. நாளைக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்று நினைத்தார். நாளை வந்ததும், அடுத்த வாரம் பார்க்கலாம் என்று நினைத்தார்.

சில நாட்கள் கழித்து, கடையில் ஒருவரின் காதுக்குள் அச்சுக்கலவையைச் செலுத்திக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

“மாமா, தவளை செத்துப்போச்சு!”

“அடடா” என்றார் கேக்குதா. வாயெல்லாம் பல். “சனிக்கிழமை அம்மாவக் கூட்டிட்டு வா. பொழைக்க வெச்சுடலாம்.”

அந்த வாரம் அவர் அறையைக் கூட்டினார், துடைத்தார். ஒரே ஒரு தட்டும் ஒரே ஒரு டம்ளரும் இருப்பது அப்போதுதான் கண்ணில் பட்டது. போய்க் கூடுதலாக வாங்கி வந்தார். பிஸ்கட், பழம், முட்டை என்று மேசை நிறைந்தது.

சனிக்கிழமை காலையில் தங்கை மூச்சு வாங்க ஏறி வந்தாள். “உன் வீட்டுக்கு வர்றதுக்குள்ள உயிர் போய் உயிர் வருது அண்ணே. எவ்ளோ நேரம் ஆகும் இது?”

“சாயங்காலம் ஆயிடும்.”

“சாயங்காலமா! மாடித் தொட்டிக்குத் தண்ணி ஏத்துனாகூட இவ்ளோ நேரம் ஆகாதே.”

“மெதுவா ஏத்தினாத்தான்…”

“ஆயுசு. சரி சரி.”

திட்டிக்கொண்டே உட்கார்ந்தவள், சாப்பிட்டதும் கட்டிலில் சாய்ந்து அப்படியே தூங்கிப்போனாள். மெஷின் இல்லாத இடத்தில் அவள் கைகள் என்ன செய்வதென்று தெரியாமல் வயிற்றின்மேல் கிடந்தன. பகலில் அவள் தூங்கி அவர் பார்த்ததே இல்லை. கடுகு மாமாவின் காதைப் பிடித்து இழுத்து, “எனக்கும் காது அச்சு எடு” என்று பிடிவாதம் பிடித்தாள். அவர் கடைப் பையைத் திறந்து, அவள் காதுக்குள் பஞ்சு வைத்து, இளஞ்சிவப்புக் கலவையைச் செலுத்தினார். “பேசாதே, சிரிக்காதே, இறுகட்டும்” என்றார். அவளால் இரண்டுமே முடியவில்லை. மூன்றாவது முயற்சியில் ஒரு கோணல் அச்சு கிடைத்தது. அதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய், “இது செத்தவங்க காது” என்று சொல்லி நாலு பேரை அழவைத்ததாக அடுத்த தடவை வந்தபோது பெருமையடித்தாள்.

மழைக்காலம் முழுக்க இப்படியே போயிற்று. தவளை சாகும், போன் வரும், சனிக்கிழமை அறையில் மூன்று தட்டு கழுவிக் கவிழ்ந்திருக்கும். பேட்டரி எப்போது தீரும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே அவர் வாரத்தைக் கடத்தினார். கடுகுக்குப் பரீட்சை என்றால் அவருக்குக் கவலை. பிள்ளை விளையாட மாட்டாளே, பேட்டரி தீராதே.

ஒரு சனிக்கிழமை தங்கை கேட்டாள்: “அண்ணே, இன்னொரு நாலு பேட்டரி வாங்கி இங்க வெச்சுட்டா, காலியானதக் குடுத்துட்டு ஏத்தினத வாங்கிட்டு உடனே கிளம்பிடலாம்ல? நாள் முழுக்கக் காத்துக் கெடக்க வேணாமே.”

“கேட்டேன். அந்த ரகம் கடையில இப்ப வரலையாம்” என்றார் அவர். பிரிக்காத பேட்டரி அட்டை அவர் முதுகுக்குப் பின்னால் மேசை டிராயரில் இருந்தது.

அவள் சரி என்று விட்டுவிட்டாள். ஆனால் அதற்கு அடுத்த தடவை அவர்கள் வரவில்லை. கடை வாசலில் கூரியர் வேன் வந்து நின்றது. இன்ஜினை அணைக்காமலே மாப்பிள்ளை இறங்கி வந்து, ஒரு பாலிதீன் பையைக் கவுண்டரில் வைத்தான். உள்ளே நாலு பேட்டரி.

“மச்சான், உங்க தங்கச்சி குடுக்கச் சொன்னா. நாளைக்கும் இந்தப் பக்கம் டெலிவரி இருக்கு. ஏத்தி வெச்சீங்கன்னா வாங்கிட்டுப் போயிடுறேன்.”

“அவங்க வரலையா?”

“எதுக்கு மச்சான் ரெண்டு பேரும் ரெண்டு பஸ்ஸு மாறி அலையணும்? நான்தான் தெனம் இந்த வழியா போறேனே.”

மாப்பிள்ளை சொன்னது நியாயம். நியாயமாக இருந்ததுதான் கஷ்டமாக இருந்தது.

இரண்டு தடவை அவர் ஒழுங்காகவே ஏற்றிக் கொடுத்தார். மூன்றாவது தடவை பை வந்தபோது, அந்தச் சனிக்கிழமைக்கு என்று வாங்கி வைத்த முட்டைகள் அலமாரியில் அப்படியே இருந்தன. காலையில் கடைக்குக் கிளம்பும்போது, சார்ஜரில் போட்டுச் சற்று நேரமே ஆன பேட்டரிகளைக் கையால் தொட்டுப் பார்த்தார். இன்னும் சூடுகூட ஏறவில்லை. ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாலிதீன் பையில் போட்டு, மாப்பிள்ளையிடம் கொடுத்தார்.

“ஃபுல்லா?”

“ஃபுல்லு” என்றார்.

அவர் நினைத்ததுதான் நடந்தது. அந்த வாரக் கடைசியில், சொல்லாமல் கொள்ளாமல், தங்கையும் கடுகும் படியேறி வந்துவிட்டார்கள். தங்கை முகம் கடுகடுவென்று இருந்தது. அவருக்கோ, அந்தக் கோபத்தைப் பார்த்துக்கூட மகிழ்ச்சியாக இருந்தது.

“என்ன அண்ணே இது? ரெண்டே நாள்ல படுத்துடுச்சு. இவ அழுதே வீட்ட ரெண்டாக்கிட்டா.”

“பழசாயிட்டா அப்படித்தான். வா, ஒக்காரு. முட்டை பொரிக்கட்டுமா?”

“முட்டை கெடக்கட்டும். பழசாயிட்டுன்னா புதுசுதானே வாங்கணும்? எந்தக் கடைன்னு சொல்லு, அவரப் போய்ப் பாக்கச் சொல்றேன்.”

கடுகு வரைவதற்குப் பென்சில் தேடி மேசை டிராயரை இழுத்தாள். “மாமா!” என்று கூவினாள். “இங்க புதுசே இருக்கு! கவர்கூடப் பிரிக்கல!”

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்? கேக்குதா அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

தங்கை அந்த அட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். மேலே படிந்திருந்த தூசியை விரலால் துடைத்தாள்.

“எப்ப வாங்கினே இத?”

“அப்பவே.”

“அப்பவேன்னா? முதல்லயேவா?”

அவர் தலையாட்டினார்.

“சார்ஜர்?”

“அதுவும் அன்னிக்கு என் பையிலதான் இருந்துச்சு. உங்க வீட்டுக்குத்தான் கொண்டு வந்தேன். குடுக்கல.”

தங்கை கட்டிலில் உட்கார்ந்தாள். “இந்த வாரம் அவர்கிட்ட குடுத்துவிட்டியே, அது?”

“பாதிகூட ஏத்தல.”

“ஏன் அண்ணே?”

“தீர்ந்தா வருவீங்கள்ல.”

கடுகு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்குப் பாதி புரிந்து பாதி புரியவில்லை.

“நான் ஒரு சனிக்கிழமை இங்க வந்து ஒக்காந்தா, அன்னிக்குத் தைக்க வேண்டியத மறுநாள் இடுப்பு ஒடிய ஒக்காந்து தைக்கணும். தெரியுமா உனக்கு?” என்றாள் தங்கை. குரல் உயரவில்லை. “நான் தனியா இருக்கேன், வாங்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா வந்திருப்பியா?”

அவள் பேட்டரி அட்டையைக் கட்டிலில் வைத்தாள். “தெரியல” என்றாள் கடைசியில். “வந்திருக்க மாட்டேனோ என்னவோ.”

அவள் பொய் சொல்லவில்லை என்பதில் அவருக்கு ஒரு ஆறுதலும் அதைவிடப் பெரிய வலியும் இருந்தன. இத்தனை நாள் உள்ளேயே வைத்திருந்ததை அவர் அப்போது வெளியே எடுத்தார்.

“நான் ரூம் பாக்குறேன்னு சொன்னப்ப, நல்லதாப் போச்சுன்னே நீ.”

“நானா? எப்ப?”

“திரைக்கு அளந்துட்டு இருந்தப்ப.”

தங்கை நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். “எனக்கு ஞாபகமே இல்லையே அண்ணே” என்றாள்.

அவர் சார்ஜரைச் சுவரிலிருந்து பிடுங்கி, ஒயரைச் சுற்றி, இரண்டு செட் பேட்டரியோடும் சேர்த்து ஒரு துணிப்பையில் போட்டுக் கடுகின் கையில் கொடுத்தார். “பழசையும் புதுசையும் கலந்து போடாதே. நாலும் ஒரே செட்டா இருக்கணும். பிளஸ், மைனஸ் பாத்துப் போடு” என்றார். அவர்கள் படியிறங்கும் சத்தம் ஒவ்வொரு மாடியாகத் தேய்ந்து, கடைசியில் தெருவின் சத்தத்தோடு கலந்துபோயிற்று.

பிறகு போன் வரவில்லை. ஒரே ஒருமுறை கடுகு கூப்பிட்டாள்.

“மாமா, ரெண்டு செட்டையும் மாத்தி மாத்திப் போடுறேன். தவளை சாகவே மாட்டேங்குது!”

“நல்லது கண்ணு” என்றார். வேறு என்ன சொல்வது என்று அவர் யோசிப்பதற்குள் அவள் போனை வைத்துவிட்டாள்.

வெயில் காலம் வந்தது. கடையிலிருந்து அறைக்கு, அறையிலிருந்து கடைக்கு. சனிக்கிழமைகளில் அவர் சீக்கிரம் எழுந்து, எழுந்த காரணம் நினைவுக்கு வந்ததும் மறுபடி படுத்துக்கொள்வார். ஜன்னலுக்கு எதிரே குழாயில் தண்ணீர் இறங்கும் சத்தத்தை வைத்து எந்த வீட்டில் குளிக்கிறார்கள், எந்த வீட்டில் பாத்திரம் கழுவுகிறார்கள் என்று சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டார். அதையெல்லாம் யாரிடம் சொல்வது?

கடைக்கு அடிக்கடி வருகிற ஒரு பூட்டு ரிப்பேர்காரர் இருந்தார். வருஷக்கணக்காகச் சாவி ராவி ராவி ஒரு காது மந்தம். வாரம் ஒருமுறை வந்து, “கருவியில ஏதோ கரகரன்னு சத்தம் வருது” என்பார். கேக்குதா கழற்றிப் பார்ப்பார், துடைப்பார், காற்றடிப்பார். கோளாறு ஒன்றும் இருக்காது. அன்றைக்கும் அப்படித்தான்.

“எல்லாம் சரியாத்தான் இருக்கு. கேக்குதா?”

“நல்லாக் கேக்குது. போன வாரமும் நல்லாத்தான் கேட்டுச்சு” என்றார் பூட்டுக்காரர், கூச்சமே இல்லாமல். “கோளாறு இல்லன்னு எனக்கும் தெரியும். இங்க வந்தா ஒரு மனுசன் எதிர்ல ஒக்காந்து, கேக்குதா கேக்குதான்னு கேக்குறாரு. வீட்ல யாரு கேக்குறா?”

சொல்லிவிட்டு அவரே பெரிதாகச் சிரித்தார். பில் போடும் பெண்ணும் சிரித்தாள். கேக்குதாவுக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை எளிதாக அதை வாய்விட்டுச் சொல்ல முடியும் என்று அவர் நினைத்ததே இல்லை. சொன்ன ஆள் ஒன்றும் குறைந்துபோய்விடவில்லை. தொப்பியை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, அடுத்த தெருவில் யாருக்கோ பூட்டுத் திறக்கக் கிளம்பிப் போய்விட்டார்.

அந்த வாரமே மாப்பிள்ளை ஒரு பார்சலோடு கடைக்கு வந்தான். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டே கேக்குதா விசாரித்தார்: “தவளை எப்படி இருக்கு? பேட்டரி நிக்குதா?”

“தவளையா?” மாப்பிள்ளைக்கு ஒரு கணம் புரியவில்லை. “ஓ, அதுவா! அது எங்க கெடக்குதோ மச்சான். இப்பல்லாம் கயிறு தாண்டுறதுதான். கீழ்வீட்டுப் பிள்ளைங்களோட சேர்ந்துக்கிட்டு நாள் முழுக்கக் குதி குதின்னு குதிக்குது. இவளே தவளையாயிட்டா.”

வேன் போன பிறகும் கேக்குதா பார்சலைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். அவர் பொய் சொல்லி, பாதி ஏற்றி, மாட்டிக்கொண்டு, மாதக்கணக்கில் வெட்கப்பட்டு இதையெல்லாம் செய்ததன் நடுவில் இருந்த அந்தப் பச்சைப் பெட்டி, எந்தக் கட்டிலுக்கு அடியிலோ யாரும் தேடாமல் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவர் கிளம்பினார். போகிற வழியில் பழக்கடை முன்னால் கால் தானாக நின்றது. எதையாவது வாங்கினால் அதைக் கொடுக்க வந்ததாக ஆகிவிடும். வாங்காமல் நடந்தார்.

கீழே தெருவில் கடுகு கயிறு தாண்டிக்கொண்டிருந்தாள். வளர்ந்திருந்தாள். “மாமா!” என்று ஓடிவந்து அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டு, “இரு, என் முறை வந்துடுச்சு” என்று விட்டுவிட்டு ஓடினாள்.

மேலே கதவு திறந்திருந்தது. தங்கை தரையில் மண்டியிட்டு, விரித்துப் போட்ட நீளமான ஒரு அங்கியின் ஓரத்தை மடித்துக் குண்டூசி குத்திக்கொண்டிருந்தாள். உதட்டில் குண்டூசிகள் வரிசையாக இருந்தன. நிமிர்ந்து பார்த்தவள், பேச முடியாமல் புருவத்தை உயர்த்தினாள். என்ன என்று அர்த்தம்.

அவர் வாசற்படியில் நின்றார். கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

“விஷயம் ஒண்ணும் இல்ல” என்றார். “அங்க தனியா இருக்க முடியல. அதான் வந்தேன்.”

தங்கை அவரையே பார்த்தாள். பிறகு உதட்டிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஊசி வைக்கும் சின்னப் பஞ்சுப்பொதியில் குத்தினாள். அது முடியும் வரை அவர் காத்து நின்றார். ஒரு மனிதனை அவ்வளவு நேரம் நிற்க வைத்த வேலை அவர் பார்த்ததில்லை.

“செருப்பக் கழட்டிட்டு உள்ள வா” என்றாள். “பாத்து, ஊசி கெடக்கும்.”

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அவருடைய மடக்குக் கட்டில் இருந்த இடத்தில் கடுகின் கட்டில் இருந்தது. அதன்மேல் பள்ளிக்கூடப் பை, ஒரு காலுறை, பாதி தின்ற ஆப்பிள். தங்கை ஒரு பழைய பேன்ட்டையும் நூல் பிரிக்கிற சின்னக் கத்தியையும் எடுத்து அவர் மடியில் போட்டாள்.

“அப்படியே ஒக்காந்திருந்தா எனக்கு என்னமோ மாதிரி இருக்கு. இந்த இடுப்புத் தையலப் பிரி. துணிய அறுத்துடாதே.”

காதுக்குள் நூலிழை பிசகாமல் வேலை செய்து பழகிய கைகள். தையல் ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தது. “பரவால்லையே” என்றாள் தங்கை. மாப்பிள்ளை தூங்கி எழுந்து வந்து, “மச்சான் எப்ப வந்தீங்க?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் டீ போடப் போனான். தங்கை மூன்றாவது வீட்டுக்காரியின் சண்டையைச் சொன்னாள். அவர் பூட்டுக்காரரைப் பற்றிச் சொன்னார், அந்த ஆள் கடைசியாகச் சொன்னதை மட்டும் விட்டுவிட்டு. சாயங்காலம் எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டார்கள். இருந்துவிட்டுப் போ என்று யாரும் சொல்லவில்லை. இருக்க இடமும் இல்லை. அவர் கிளம்பியபோது தங்கை கதவுவரை வந்தாள்.

“அடுத்த ஞாயிறு எங்களால அங்க வர முடியாது அண்ணே. துணி மலை மாதிரி கெடக்கு” என்றாள். “நீ வா.”

“வர்றேன்.”

“வர்றதா இருந்தா மதியமே வந்துடு. வெளிச்சத்துல பிரிச்சாத்தான் தையல் தெரியும்.”

அதற்குப் பிறகு அவர் பெரும்பாலான ஞாயிற்றுக்கிழமைகளில் போனார். சில நாட்களில் வீடு பூட்டியிருக்கும். சொல்ல மறந்துவிட்டு எங்கேயாவது கிளம்பிப் போயிருப்பார்கள். அப்போது படியில் கொஞ்சம் உட்கார்ந்திருந்துவிட்டு, வந்த வழியே திரும்புவார். மற்ற நாட்களில் நாலாவது மாடி அறை எப்போதும் போலவே இருந்தது. அதை யாராலும் மாற்ற முடியவில்லை. வேலை முடிந்து கதவைத் திறக்கும்போது, உள்ளே யாரும் இல்லை என்பது முதல் நாள் தெரிந்த மாதிரியே தெரியும்.

ஒரு குளிர்காலத்து ஞாயிறு, தங்கைக்குக் காய்ச்சல். மெஷின் மூடியிருந்தது. பிரிக்கத் தையல் எதுவும் இல்லை. மாப்பிள்ளை மருந்து வாங்கப் போயிருந்தான். கடுகு பக்கத்து வீட்டில் இருந்தாள். கேக்குதா கட்டிலோரத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். தங்கை போர்வைக்குள்ளிருந்து கண்ணைத் திறந்து பார்த்தாள்.

“இன்னும் இங்கதான் இருக்கியா?”

“ஆமா. போகணுமா?”

“வேணாம்” என்று சொல்லிவிட்டு அவள் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.